இசையும் இசைவும்

இசைக்கு வசப்படாத உள்ளம் இல்லை என்பர். தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடியும் தமிழர் வாழ்வில் பாட்டு நுழையாத கட்டம் ஒன்றுமில்லை. நாற்று நடும்போதும் பாடினர். ஏற்றம் இறைக்கும்போதும் பாடினர். கடல் கடந்து இம்மண்ணுக்கு வந்து பால்மரம் வெட்டியபோதும் பாடினர். களைப்பைப் போக்கவும், தெய்வத்தை அழைக்கவும், மணமக்களை வாழ்த்தவும் துணைநின்ற அந்தப் பாட்டை, ஆடவரைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கவும் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம் எனில், எந்த எல்லை வரை? "நல்ல காரியந்தானே! இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். அப்படி ஒரு பாட்டை எழுத உட்காரும் வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

எங்கள் வட்டாரச் சங்கம் ஒன்று ஆடவர் உடல்நலத்திற்கென ஓர் இசை மாலை நடத்த முன்வந்தது. "ஐயா, கேட்டவர்கள் மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்படி ஒரு பாட்டு எழுதித் தாருங்கள்" என்றார் செயலாளர். உடனே ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என்னோடு முப்பது ஆண்டுக் காலம் ஒரே பஜனைக் குழுவில் பாடிய நண்பர் ஒருவர் இருந்தார். ஆர்மோனியம் அவர் கையில் பேசும். இடுப்பு வலிக்கிறது என்று சில மாதங்கள் தைலம் தேய்த்து வந்தார். பாரம் தூக்கியதால் வந்த வலி என்றே அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். இறுதியில் மருத்துவமனையில் சேர்த்தபோது, புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருப்பது தெரியவந்தது. அடுத்த தைப்பூசத்திற்கு அவர் இல்லை. அவருடைய தமையனாருக்கும் அதே நோய் கண்டிருந்தது என்பதைக் கருமாதி வீட்டில்தான் அறிந்தோம். தமையனார் தம்பியிடம் சொல்லவில்லை. தம்பியும் தம் வேதனையின் அளவை எங்களிடம் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே சுருதியில் பாடிய நாங்கள், உடம்பைப் பற்றி ஒருநாளும் மனம்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அந்தக் குறையே என்னைப் பாட்டெழுதத் தூண்டியது.

புண்ணும் நாணமும்

ஆடவர் ஏன் பேசுவதில்லை? புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281-ஆம் பாட்டு ஒரு காட்சியைத் தீட்டுகிறது. போரில் புண்பட்டு வந்த தலைவனைக் காக்க, மனையில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுகின்றனர். யாழும் பிற கருவிகளும் முழங்குகின்றன. வெண்சிறு கடுகைத் தூவி, குழலூதி, மணியடித்து, காஞ்சிப் பண்ணைப் பாடுகின்றனர். நோயுற்ற ஆண்மகனைச் சுற்றி இசை எழுப்புவது நமக்குப் புதிதன்று. ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆயின் ஒன்றைக் கருத வேண்டும். அந்தத் தலைவனின் புண் பெருமைக்குரிய புண். அதை மறைக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. ஊரே கூடிப் பாடலாம்.

இடுப்புக்குக் கீழே வரும் நோய் அத்தகையதன்று. சிறுநீர், மலம், ஆண்மை ஆகிய மூன்றையும் தொட்டுப் பேச வேண்டியிருப்பதால், நாணம் அதற்குத் திரை போடுகிறது. தோட்ட வாழ்க்கை இத்திரையை இன்னும் தடிப்பாக்கியது. காலைப் பிரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. காய்ச்சல் என்றால் டிரஸ்ஸரிடம் போவார்கள். காலில் வெட்டுப்பட்டால் போவார்கள். மற்றவற்றை யாரிடம் சொல்வது? பொறுத்துக்கொள்வதே ஆண்மை என்று பிள்ளைகள் கண்டு வளர்ந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் நகரங்களுக்கு வந்துவிட்டோம். அந்தப் பழக்கமும் நம்மோடு நகரத்துக்கு வந்துவிட்டது.

இது நம் இனத்துக்கு மட்டும் உரிய குறை என்று கொள்ளலாகாது. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரையிலான கணக்கைத் தொகுத்தபோது, ஆடவரிடையே பெருங்குடல், நுரையீரல், புரோஸ்டேட் ஆகிய புற்றுநோய்களே முதல் மூன்று இடங்களைப் பெற்றிருந்தன. இம்மூன்றிலும் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் நிலைகளிலேயே கண்டறியப்பட்டனர். எல்லா இனத்து ஆடவரும் காலம் தாழ்த்துகின்றனர். இதற்குப் பணமின்மையும் நேரமின்மையும் காரணங்கள். வாய் திறவாமையும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

பாட்டு ஆற்றும் பணி

நாணத்தை வாதத்தால் வெல்ல முடியாது. "வெட்கப்படாதே" என்று சொன்னால் வெட்கம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பாட்டுக்கோ வேறொரு வழி உண்டு. தனியொருவன் சொல்லக் கூசும் சொல்லைப் பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது அச்சொல்லின் கூச்சம் போய்விடுகிறது. நகைச்சுவையும் சேர்ந்துகொண்டால் இன்னும் எளிது. 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தை நினைவில் வைத்திருப்போர் இன்றும் உள்ளனர். கல்வியின் உயர்வை அவர் அறிவுரையாகச் சொல்லவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பாடிக் காட்டினார். சிரித்து முடித்த பிறகே கேட்டவர் சிந்தித்தனர்.

அமெரிக்கப் பாடகர் டான் ஃபோகல்பெர்க் வாழ்வில் நிகழ்ந்ததையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். 2004-இல் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டது. 2007 டிசம்பரில், தம் 56-ஆம் வயதில் காலமானார். நோயுற்றிருந்த காலத்தில், பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என ஆடவர்க்கு வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார். அவர் மறைந்த பின்னர், தம் மனைவிக்காக எழுதியிருந்த ஒரு காதற்பாடல் 2008-இல் வெளியிடப்பட்டு, அதன் வருவாய் புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அளிக்கப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் நோயைப் பற்றிச் சொன்னதை உரைநடையில் சொன்னார். பாட்டில் அன்பை மட்டுமே பாடினார். இரண்டையும் அவர் ஒன்றாகக் கலக்கவில்லை. இவ்வேறுபாட்டின் அருமை எனக்குத் தொடக்கத்தில் புலப்படவில்லை.

பாட்டு மறைக்கும் உண்மை

நான் எழுதிய முதற்பாட்டு எல்லார்க்கும் பிடித்திருந்தது. இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிப்பவன் காலனின் காலடி ஓசையைக் கேட்பான் என்னும் கருத்தில் பல்லவி அமைந்திருந்தது. உருமி மேளத்தின் தாளத்துக்கு அது நன்றாக ஒத்து வந்தது. மேடை ஏறும் முன் ஒரு மருத்துவரிடம் காட்டுவோம் என்று செயலாளர் சொன்னார். நல்லவேளையாகக் காட்டினோம்.

மருத்துவர் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஐயா, பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை" என்றார். வயது ஏறும்போது பெரும்பாலான ஆடவர்க்குப் புரோஸ்டேட் சுரப்பி பருப்பது இயல்பு. கொட்டைப்பாக்கு அளவிலுள்ள அச்சுரப்பி சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருப்பதால், அது பருக்கும்போது குழாய் நெரிபடுகிறது. இரவில் எழுந்திருப்பதற்குப் பெரிதும் அதுவே காரணம், அது புற்றுநோயன்று. புற்றுநோயோ, தொடக்க நிலையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஆக, என் பாட்டு நோயில்லாதவனை நடுங்க வைக்கும். நோயுள்ளவனை, "எனக்குத்தான் அந்தத் தொல்லை இல்லையே" என்று நிம்மதியாகத் தூங்க வைக்கும். என் நண்பரும் என் பாட்டைக் கேட்டுத் தூங்கியிருப்பார்.

"சரி, அந்த வரிகளை நீக்கிவிட்டு, எல்லாரும் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் எழுதிவிடுகிறேன்" என்றேன். "அதையும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது" என்றார் அவர்.

பி.எஸ்.ஏ. என்பது அச்சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். குருதியில் அதன் அளவு கூடினால் புற்றுநோய் இருக்கலாம். வெறும் வீக்கமோ தொற்றோ கூட இருக்கலாம். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 20 விழுக்காடு குறைந்திருந்தது. 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபின் 2025-இல் வெளியான கணக்கின்படி, அக்குறைவு 13 விழுக்காடு. 456 ஆடவரைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஓர் இறப்பு தடுக்கப்படுகிறது. ஓர் உயிர் சிறிதன்று. ஆயினும், மெல்ல வளர்ந்து வாழ்நாளில் ஒரு தீங்கும் செய்யாதிருக்கக்கூடிய கட்டிகளும் இப்பரிசோதனையால் வெளிப்படுகின்றன. அறுவையும் கதிர்வீச்சும் ஏற்றவர்களுள் சிலர் சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் ஆண்மையையும் இழக்கின்றனர். இதனாலேயே அமெரிக்காவின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2012-இல் இப்பரிசோதனையைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்றது. 2018-இல் அதை மாற்றி, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு கலந்து பேசித் தாமே முடிவு செய்யலாம் என்றது. இப்போது தீங்கு குறைந்த கட்டிகளை உடனே அறுக்காமல் கண்காணித்து வரும் முறை வந்துள்ளது. அதனால் இடர் குறைந்துள்ளது, முற்றும் நீங்கிவிடவில்லை.

பெருங்குடல் நோயின் நிலை வேறு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத குருதி உள்ளதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையைச் சிங்கப்பூரில் 50 வயது நிறைந்தோர் ஆண்டுக்கொருமுறை செய்துகொள்ளப் பரிந்துரைக்கின்றனர். அதில் ஐயம் எழுந்தால் குடலை உள்நோக்கிப் பார்த்து, புற்றாக மாறக்கூடிய முளைகளை முன்கூட்டியே அகற்றிவிட முடிகிறது. இங்கே பாட்டு சற்று உரத்துக் கூவினாலும் தவறில்லை. புரோஸ்டேட்டுக்கு அதே குரல் பொருந்தாது. எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே தாளத்தைப் போட முடியாது.

பாட்டின் வலிமை அதன் சுருக்கம். அதன் குறையும் அதுவே. 'ஆனால்', 'ஒருவேளை', 'சிலருக்கு' முதலிய சொற்களுக்குப் பல்லவியில் இடமில்லை. மருத்துவரின் உண்மையோ அச்சொற்களில்தான் தங்கியிருக்கிறது. அவற்றை உதறிவிட்டு இனிமையை மட்டும் வைத்துக்கொள்ளும் பாட்டு, நன்னோக்கம் உடையதாயினும் பொய்யே ஆகும்.

எதிரியின் படைக்கலம்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். செயலாளரே அதை எழுப்பினார். "சிகரெட்டு விற்றவர்கள் பாட்டையும் பகட்டையும் வைத்துத்தானே நம் பிள்ளைகளை மயக்கினார்கள்? அவர்கள் உண்மை பொய் பார்த்தார்களா? நஞ்சை விற்கப் பயன்பட்ட பாட்டை, உயிரைக் காக்க நாம் பயன்படுத்தக் கூடாதா? நீங்கள் தராசு பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னும் நான்கு பேர் போய்விடுவார்கள்" என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. என் நண்பரை நினைக்கும்போது, அச்சுறுத்தும் பாட்டு ஒன்றாவது அவர் காதில் விழுந்திருக்கக் கூடாதா என்று நானும் ஏங்கியதுண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தும், இருவகைப் பாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காண வேண்டும். சிகரெட்டு விளம்பரம் கேட்பவனைச் சிந்திக்கவிடாமல் இருப்பதற்கென்றே எழுந்தது. சிந்தித்தால் அவன் வாங்கமாட்டான். அதனாலன்றோ சிங்கப்பூர் 1970-ஆம் ஆண்டிலேயே புகைபிடித்தல் தொடர்பான விளம்பரங்களைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது! நாம் வேண்டுவதோ அதற்கு நேர்மாறானது. தன் உடம்பைப் பற்றி ஆண்மகன் ஒருவன் சிந்திக்க வேண்டும், கேட்க வேண்டும், எடைபோட்டு முடிவுசெய்ய வேண்டும். சிந்தனையை உறங்கவைக்கும் கருவியைக் கொண்டு சிந்தனையை எழுப்ப முடியுமா? மயங்கி மருத்துவமனைக்குப் போனவன், நாளை வேறொரு பாட்டுக்கு மயங்கிப் போலி மருந்துக்காரனிடமும் போவான்.

தமிழில் 'இசை' என்பது பண்ணையும் குறிக்கும், ஒத்துக்கொள்வதையும் குறிக்கும். அதிலிருந்து பிறந்த 'இசைவு' என்னும் சொல்லுக்குச் சம்மதம் என்பது பொருள். அறுவைக்கு முன் மருத்துவர் நம்மிடம் கேட்பதும் இசைவே. ஒரு சுரத்தோடு மற்றொரு சுரம் இசைய வேண்டுமானால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். ஒன்றை மற்றொன்று விழுங்கிவிட்டால் அங்கே இசை இல்லை. பிறனுடைய உடம்பைப் பற்றிய முடிவில் நாம் பாடலாம், பேசலாம், அழைக்கலாம். அவனுடைய இடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாகாது. அன்பினால் செய்தாலும் அது அத்துமீறலே.

அப்படியானால் பாட்டு எதையுமே கட்டளையிடக் கூடாதா? நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டளைக்குப் பாட்டுக்கு உரிமை உண்டு என்று தோன்றியது. 'பேசு' என்பதே அக்கட்டளை. தந்தைக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்நோய் இருந்தால் ஒருவனுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அவனுக்குப் பரிசோதனையின் நன்மை தீமைக் கணக்கே வேறு. ஆயினும் அண்ணன் வாய் திறவாவிட்டால் தம்பி எந்தக் கணக்கைப் போடுவான்? பேசுவதால் எவனுடைய உடம்பும் அறுபடுவதில்லை. 'பேசு' என்னும் சொல்லுக்குப் பின்னால் 'ஆனால்' தேவைப்படுவதில்லை. என் நண்பரைக் கொன்றது நோய் மட்டுமன்று. மூன்று இடங்களில் நிலவிய மௌனமும் அவரைக் கொன்றது. அம்மௌனங்களுள் ஒன்று எங்களுடையது.

வில்லுப்பாட்டு காட்டிய வழி

அதன்பின் உருமி மேளப் பாட்டைக் கைவிட்டு, வில்லுப்பாட்டாக மாற்றி எழுதினேன். வில்லுப்பாட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தலைமைப் பாடகர் பாடிக்கொண்டே போக முடியாது. குடத்துக்கும் உடுக்கைக்கும் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பக்கப்பாட்டுக்காரர் இடையிடையே மறித்து, "அது எப்படி?" என்று கேட்பார். அவையோர் மனத்தில் எழும் ஐயத்தை மேடையிலேயே எழுப்புவதற்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார். நம் முன்னோர் எந்த நோக்கத்தோடு அவரை அங்கு அமர்த்தினரோ அறியேன். எனக்கு அவர் பெருந்துணை புரிந்தார். "இரவில் எழுந்தால் புற்றுநோயா?" என்று அவர் கேட்டார். "பரிசோதனை பொய் சொல்லுமா?" என்று கேட்டார். "ஆண்மை போய்விடுமாமே!" என்று அவர் கேட்டபோது அவை சிரித்தது, பிறகு அமைதியாகியது. பாட்டில் இடம் கிடைக்காத 'ஆனால்' என்னும் சொல், அவருடைய வாய்வழியாக மேடை ஏறியது. நிறைவில் நாங்கள் ஒருவரையும் மருத்துவமனைக்கு ஓடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் தந்தையையும் உடன்பிறந்தோரையும் ஒரு கேள்வி கேளுங்கள் என்று மட்டும் பாடி முடித்தோம். மருத்துவர் ஒரு மேசை போட்டு மண்டபத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார்.

நிகழ்ச்சி முடிந்தபின் என் நண்பரின் தமையனார் தடியூன்றியபடி என்னிடம் வந்தார். சிகிச்சையால் நோய் தணிந்து நடமாடி வருபவர். "தம்பியிடம் சொல்லியிருக்கலாம். கூச்சமாக இருந்தது" என்றார். என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "என் பையன்கள் இரண்டு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை" என்றார். பிறகு மெல்ல நடந்து, அந்த மேசைக்கு முன் இருந்த வரிசையில் போய் நின்றார்.

அவருடைய பிள்ளைகள் பரிசோதனை செய்துகொள்வார்களா, காத்திருப்பார்களா என்பது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. அந்த முடிவுக்குத் தேவையான செய்தி அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவே நம் கடமை. பாடத் தெரிந்தவர்கள் பாடுங்கள். உருமி அடிப்பவர்கள் அடியுங்கள். ஆனால் பாடும் முன் அதன் உண்மையை அறிந்தவரிடம் காட்டுங்கள். கேட்பவன் எழுந்து ஒரு கேள்வி கேட்க இடம் விட்டுப் பாடுங்கள். பஜனை முடிந்து சுண்டல் வாங்கிக் கலையும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவரிடம், "அண்ணே, உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் விடை சொல்லும் வரை நில்லுங்கள்.